நான்காம் நிமிடத்தில் ஒரு சொல்

நிமிடத்துக்குப் பதினாறு ரூபாய்.
வட அமெரிக்க வரலாறு, யாரும் இலவசமாய்ப் பார்க்கலாம்,
மொத்தம் நாற்பத்திரண்டு வீடியோ.
பேராசிரியை பேசப் பேச
அடியில் தமிழ் ஓட வேண்டும்.
வரிக்கு முப்பது எழுத்து, இடைவெளியும் சேர்த்து.
மீறினால் சிவக்கும்.

கண்ணகி நகர், மூன்றாம் மாடி.
ஃபேனை நிறுத்தினால்தான் அவர் குரல் கேட்கும்.
நிறுத்தினால் கீபோர்டில் வியர்வை சொட்டும்.
ஒரு பாடத்துக்கு நாலு தரம் எழுந்து
போட்டும் அணைத்தும் முடிப்பேன்.

முதல் பத்துப் பாடம் சுலபம்.
பனி, கப்பல், மக்காச்சோளம்,
பீவர் தோலில் செய்த தொப்பி.
இயந்திரம் முதலில் ஒன்றை எழுதித் தரும்,
நான் அதன் காதைத் திருகுவேன்.
மேஃப்ளவர் என்ற கப்பலை
'மே மாதப் பூ' என்றது ஒருநாள்.
அப்படியே விட்டுவிடலாமா என்றிருந்தது.

பதினோராம் பாடம், நான்காம் நிமிடம்.
ஆயிரத்து எண்ணூற்று முப்பது. ஒரு சட்டம்.
இயந்திரம் எழுதியது:
இந்தியர் அகற்றச் சட்டம்.

இந்தியரை மாற்றுவது கஷ்டமில்லை.
எவரோ கடலில் வழி தவறியதற்கு
இன்னும் எத்தனை காலம் அந்தப் பெயர்?
தொல்குடிகள் என்று போட்டேன்.
அடுத்த சொல்லில் விரல் நின்றது.

எங்கள் பக்கம் அது தனியாக வராது.
முன்னால் ஒன்றைக் கைப்பிடித்துக்கொண்டு வரும்:
ஆக்கிரமிப்பு அகற்றம்.
சிந்தாதிரிப்பேட்டையில், கூவத்தை ஒட்டி,
எங்கள் கதவில் ஒட்டிய தாளில்
அப்படித்தான் இருந்தது, முத்திரையோடு.
அரையாண்டுத் தேர்வு. மறுநாள் கணக்கு.
வந்தது குப்பை லாரி.
கழுவித்தான் அனுப்பினார்கள், அதைச் சொல்லிவிட வேண்டும்.
பீரோ, கேஸ் அடுப்பு, ஸ்டெல்லா அக்காவின் தையல் மெஷின்,
அதன்மேல் நான், மடியில் காம்பஸ் பெட்டி.

இரண்டும் ஒன்றென்று சொல்லவில்லை.
அவர்கள் நடந்தார்கள், குளிரில், மாதக்கணக்கில்.
நாலாயிரம் பேர் இறந்திருக்கலாம் என்று சொல்லிவிட்டுப்
பேராசிரியை தண்ணீர் குடிக்கிறார்.
(அந்த மௌனத்துக்கும் பதினாறு ரூபாய்தான் கணக்கு.)
எங்களுக்கு லாரி இருந்தது.
வழியில் யாரும் சாகவில்லை.

ஆனால் அங்கே ஆக்கிரமித்தவரும்
அகற்றியவரும் ஒரே ஆள்.
இங்கே அந்த முதல் சொல்லை
எங்கள் பெயருக்கு எழுதிவைத்தது யார்?

சரிபார்க்கும் மார்சலின் அம்பத்தூரிலிருந்து கேட்டாள்:
இடமாற்றம்னு போடலாமே, ஆறே எழுத்து?
இடமாற்றம் தாசில்தாருக்கு வருவது, என்றேன்.
மறுகுடியமர்வு?
அது எங்கள் ஒதுக்கீட்டு ஆணையில் இருக்கும் சொல்.
இடித்தவர்களே வைத்த பெயர்.
துரத்தல்னு போட்டுடவா, என்று கேட்டேன்.
சட்டம் தன்னை அப்படிச் சொல்லிக்கலையே, என்றாள்.
நியாயம்தான்.
சட்டத்தின் கை எப்போதும் சோப்பு வாசம்.

ஒன்பதாம் நிமிடத்தில் ஒரு பலகை வந்தது.
செரோக்கி எழுத்துகள், எண்பத்தைந்து.
எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர்
தானாக உட்கார்ந்து உண்டாக்கியவை.
க, கே, கி, கோ, கு.
எங்கள் வாய்ப்பாடுதான், வரிசை மட்டும் கலைந்து.
அதில் செய்தித்தாள் அச்சடித்தார்கள்.
பிறகு அச்சு இயந்திரத்தையும் பிடுங்கிக்கொண்டார்கள்.
வீடியோவை நிறுத்தி
உதட்டளவில் சொல்லிப் பார்த்தேன்.
க, கே, கி.
கீழே தண்ணீர் லாரி வந்த சத்தம், குடங்கள் ஓடின.

திரும்பி வந்து நான்காம் நிமிடத்தைத் திறந்தேன்.
தொல்குடிகளை அவர்கள் மண்ணிலிருந்து அகற்றும் சட்டம்.

முப்பத்தொன்று.
வரி சிவந்தது.
ஒரு எழுத்துதானே, எடுத்துடுங்க, என்றாள் மார்சலின்.
எதை, என்று கேட்டேன்.
தட்டச்சு செய்கிறாள் என்று மூன்று புள்ளிகள்
வந்தன, நின்றன, மறுபடி வந்தன.

சிவப்பிலேயே விட்டுவிட்டு
எழுந்து போய் ஃபேனைப் போட்டேன்.